வீடு கட்டுவதற்கு முன்னால் தறிக்குழியைப் பாருங்கள்

திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவு நேரத்தில் இரண்டு லாரி பொருள் அனுப்பினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி திரும்பி வந்தபிறகு மனசு ஆறவில்லை, பேரிடரில் சிதைந்த கிராமங்களை நிலையாக மீட்டெடுக்க ஒரு அறக்கட்டளை தொடங்கலாம் என்றிருக்கிறோம், கையில் பதினெட்டு லட்சம் சேர்ந்திருக்கிறது என்கிறீர்கள். இந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டித் தரலாம், எப்படிப் பதிவு செய்வது, கம்பெனிகள் லாபத்தில் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணத்தை வாங்குவது எப்படி என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் வீட்டுக் கேள்வியை முதலில் எடுக்க மாட்டேன். வீட்டிலிருந்து தொடங்கிய பலரை இருபது வருஷமாகப் பார்த்துவிட்டேன்.

நான் பவானிக்காரன். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில் மூன்று மாதம் வேலை என்று நாகப்பட்டினம் போனவன், நான்கு வருஷம் அங்கேயே இருந்தேன். அப்புறம் 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவு. 2018 ஆகஸ்டில் எங்கள் ஊரிலேயே காவிரி வெள்ளம். அந்த ஈரம் காய்வதற்குள் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல். இந்த நான்கு இடத்திலும் கற்றுக்கொண்டதில் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்: வீடு என்பது கடைசியில் வருவது. அந்த வீட்டில் இருப்பவர் எதைச் செய்து சோறு தின்கிறார் என்பது முதலில் வருவது.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்தார்கள். பவானியாற்றிலும் அதே நேரத்தில் வெள்ளம். இரண்டும் கூடுதுறையில் சேர்ந்தால் கரையோரத் தெருக்கள் என்ன ஆகும்? பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கருங்கல்பாளையம் எல்லா இடத்திலும் கரையோரத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபிறகு ஒரு ஜமக்காளத் தறிக்காரர் வீட்டுக்குள் போனேன். இடுப்புயரத்தில் சுவரைச் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு. வெள்ளத்தில் நூல்கட்டு மிதந்து, சாயம் கரைந்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் அப்படியே படிந்திருந்தது. தறிக்குழி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வண்டல் வந்து தரையோடு தரையாக மூடிவிட்டது. அவர் மனைவி ஒரு தட்டை வைத்து, சமையலறையில் சோறு போடுகிற தட்டு அது, வண்டலை வழித்து வழித்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். மிதிகட்டை தென்படுகிறதா என்று கையை விட்டுத் துழாவினார்.

ஜமக்காளம் குழித்தறியில் நெய்வது. தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டும், பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். ஆக, அந்த வீட்டின் தரைதான் அவர்கள் தொழிற்சாலை.

அந்தத் தெருவில் ஓர் அமைப்பு ஆறு மாதத்துக்குள் சில வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. பேர் வேண்டாம், நல்ல மனசோடு செய்தவர்கள். சுவர் நேர்த்தி, பூச்சு நேர்த்தி, தரைக்குப் பளபளவென்று டைல்ஸ். திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவைப் பார்த்தேன். "வூடு நல்லாத்தானுங்க இருக்குது. தறிய எங்கீங்க போடறது?" என்றார். முன்னறையின் அகலம் தறிக்குப் பத்தாது. குழி வெட்ட வேண்டுமென்றால் புது டைல்ஸை உடைக்க வேண்டும், கொடுத்தவர்கள் மனசு நோகுமே என்று தயங்கிக்கொண்டு இருந்தார்கள். அதுவரைக்கும் அவர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வேன் ஏறிப் போய்க்கொண்டிருந்தார், அவர் கணவர் விசைத்தறிக்குக் கூலிக்கு. இரண்டு தலைமுறை கைத்தொழில் ஒரு முன்னறையின் அளவால் நின்று போனது. நூல் பிடித்து மனையளக்கும் நாளில் யாராவது ஒருவர் அந்த அம்மாவை நடுவில் நிற்கச் சொல்லி, "தறி எங்கே வரும், காட்டுங்க" என்று கேட்டிருந்தால் போதும்.

இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம், தப்பு செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான். அவசரப்பட்டார்கள். கொடுப்பவருக்கு ஒரு கால அட்டவணை இருந்தது, அது வாங்குபவரின் அட்டவணை இல்லை.

சரி, பேரிடருக்குப் பிறகு காலம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். முதல் பத்து நாள் எல்லோரும் வருவார்கள். பிரட், பால்பவுடர், பாய், பழைய துணி. நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் மூட்டை மூட்டையாகத் துணி கிடந்து மழையில் நனைந்து நாறியதை நான் பார்த்திருக்கிறேன். முப்பது நாளில் கூட்டம் பாதியாகும். மூன்று மாதத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மூன்றாவது மாதத்தில்தான் வேலையே தொடங்குகிறது. வயநாட்டில் வீடிழந்தவர்களுக்குக் கல்பற்றா பக்கத்தில் எல்ஸ்டன் எஸ்டேட்டில் 7 சென்ட், 1000 சதுர அடி வீடு என்று கேரள அரசு அறிவித்த குடியிருப்புக்கு அடிக்கல் வைத்தது 2025 மார்ச் 27. சரிவு நடந்தது முந்தைய ஜூலை 30. நிலம் எடுப்பு, வழக்கு, பயனாளிப் பட்டியல் என்று அடிக்கல்லுக்கே எட்டு மாதம். அரசைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, எந்த ஊரிலும் இப்படித்தான் ஆகும். அந்த எட்டு மாதமும், அதற்குப் பிறகு வீடு கட்டி முடிகிற காலமும் ஒரு குடும்பம் எப்படி ஓட்டும்? தொண்டு நிறுவனத்துக்கு அங்கேதான் இடம்.

சுனாமிக்குப் பிறகு போட்ட தற்காலிகக் குடியிருப்புகள் நிறைய தார் அட்டையில் போட்டவை. சித்திரை வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பகல் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தற்காலிகம் என்று சொன்னதில் இரண்டு வருஷம் தாண்டி இருந்தவர்கள் உண்டு. அந்த அட்டைக் கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து கொடுத்ததுதான் முதல் வருஷத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு யாரும் திறப்பு விழா வைக்கவில்லை.

இந்த இடைக்காலத்தில் இன்னொரு வேலை, காகித வேலை. ஆர்வத்தோடு வருகிற இளைஞர்களுக்கு இது சலிப்பாக இருக்கும், ஆனால் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. 2022 முதல் 2026 வரைக்கான மத்தியப் பேரிடர் நிவாரண விதிமுறையில் கறவை மாடு ஒன்று செத்தால் 37,500 ரூபாய், ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய். சமவெளியில் வீடு முழுக்க இடிந்தால் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால்தான் இழப்பீடு. கைவினைஞர், நெசவாளர் கருவி போனால் 5,000, மூலப்பொருள் போனால் 5,000. தொகை போதுமா போதாதா என்பது இருக்கட்டும். இதை வாங்கவே பல பேரால் முடிவதில்லை. மாடு செத்தால் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாள் நாற்றம் தாங்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள், அப்புறம் எந்த மாடு, யார் மாடு என்று எப்படிக் காட்டுவது? புதைப்பதற்கு முன் காதில் மாட்டியிருக்கும் அடையாளத் தோட்டோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்ல ஒரு ஆள் இருந்தாலே ஒரு கிராமத்துக்கு லட்சக்கணக்கில் வந்து சேரும். பட்டா தாத்தா பேரில் இருக்கும், வாரிசுச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள், ரேஷன் கார்டு ஆற்றோடு போயிருக்கும். தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்க ஒரு பொறுமைசாலி வேண்டும். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கேட்டு வெள்ளம் வடிந்த இரண்டாம் வாரமே ஆள் வந்து திண்ணையில் உட்காருவார். அந்தத் தவணையைத் தள்ளிப்போட வங்கியிலும் கலெக்டர் ஆபீஸிலும் பேசுவதும் இதே கணக்குத்தான்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் இரண்டு பெரிய பாடம் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம், கில்லாரியை மையமாக வைத்து நிலநடுக்கம். அதிகம் இடிந்த 52 கிராமங்களை அப்படியே வேறிடத்துக்கு மாற்றி, நேர்கோட்டுத் தெருவாகப் புதுக் குடியிருப்பு போட்டார்கள். மாடு கட்ட இடமில்லை, காட்டுக்குப் போக தூரம், உறவுக்காரர் ஒரு மூலையில், நாம் ஒரு மூலையில் என்று ஜனங்கள் வெகுகாலம் சங்கடப்பட்டார்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் கட்ச் நிலநடுக்கம். அங்கே பெரும்பகுதி வீடுகளை வீட்டுக்காரர்களே கட்டினார்கள். அரசு பணத்தைத் தவணையாகக் கணக்கில் போட்டது, ஒவ்வொரு கட்டமும் பொறியாளர் பார்த்துச் சரி என்றபிறகு அடுத்த தவணை. தொண்டு அமைப்புகள் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தன, பொருள் கிடைக்க வழி செய்தன, ஊருக்கு ஊர் ஆலோசனை மையம் வைத்தன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அப்படி எழுந்தன. பூஜ் ஊரில் அந்தச் சமயத்தில் உருவான ஹுன்னர்சாலா என்கிற அமைப்பு இன்றைக்கும் மண்கட்டுமானத்துக்கும் கைவினைஞர் பயிற்சிக்கும் பேர் பெற்றது.

அதனால் "எத்தனை வீடு கட்டலாம்" என்பதற்கு என் பதில்: ஒன்றுகூடக் கட்டாதீர்கள். நூறு வீடு சரியாகக் கட்டப்பட உதவுங்கள். பதினெட்டு லட்சத்தில் நீங்களே கட்டினால் நான்கைந்து வீட்டோடு பணம் தீர்ந்துவிடும், மிச்சம் இருக்கிற தெரு முழுக்க உங்களுக்கு எதிரியாகிவிடும். குடிசை வீட்டுக்காரர்களுக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3,50,000 ரூபாய் இருக்கிறது, 360 சதுர அடி. நிவாரணத் தொகை, இந்த மாதிரித் திட்டம், அவர்கள் சேமிப்பு எல்லாம் சேர்ந்தால் வீடு எழுந்துவிடும். அது ஒழுங்காக எழுவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

ஒழுங்காக என்றால் என்ன? நம் பக்கம் பார்க்கிற கட்டுமானத்தை வைத்தே சொல்கிறேன். கடைக்கால் கருங்கல்லில் போடுவோம், அதில் பெரிதாகக் குறை வராது. பேஸ்மட்டத்தில்தான் கஞ்சத்தனம் தொடங்கும். 2018-இல் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பார்த்தாலே பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியும், அந்தக் கோடு காய்வதற்குள் ஆணி அடித்து அடையாளம் வையுங்கள். அடுத்தது பெல்ட், அதாவது சுவரைச் சுற்றிக் கம்பி வைத்துப் போடுகிற கான்கிரீட் பட்டை. கடைக்காலுக்கு மேல் ஒன்று, ஜன்னல் தலைமட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றி விடாமல் ஒன்று. ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டுவிட்டு மிச்சத்தைக் கல்லால் நிரப்புவது நம் ஊர் வழக்கம். நமக்கெல்லாம் நிலநடுக்கம் எங்கே என்று கொத்தனார் கேட்பார். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூரிலேயே வந்திருக்கிறது, ரிக்டர் கணக்கில் சுமார் 6. பெல்ட்டுக்குக் கம்பி கூடுதலாகப் பிடிக்கும் செலவு, ஒரு வீட்டுக்கு ஒரு ஆட்டுக்குட்டி விலைக்கு ரொம்ப மேலே போகாது. அப்புறம் தண்ணீர் விடுவது. சிமெண்டுக் கல்லுக்கும் பூச்சுக்கும் ஏழு நாளாவது ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். வெள்ளத்தில் போர்வெல் மோட்டார் போன தெருவில் யார் நனைப்பது? நாங்கள் ஒரு சின்ன டேங்கர் வண்டி வாடகைக்கு எடுத்துக் காலையும் மாலையும் தெருவில் ஓட்டினோம். வீடு கட்டிக் கொடுத்த அமைப்பின் பேர் கல்வெட்டில் இருக்கும், தண்ணீர் விட்டவர் பேர் இருக்காது. ஆனால் சுவரின் பலத்தில் பாதி அந்தத் தண்ணீர்தான்.

இடிந்த வீட்டைக் குப்பையாகப் பார்க்காதீர்கள். நாட்டு ஓடு, சீமை ஓடு, பனஞ்சட்டம், வேப்பமரக் கதவு நிலை, கருங்கல், எல்லாமே திரும்ப நிற்கும். பொக்லைன் வந்து ஒரே நாளில் வாரிப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகும். அதற்கு முன்னால் இரண்டு நாள் அவகாசம் வாங்கி, ஓட்டையும் மரத்தையும் பிரித்து அடுக்கி வைக்க அதே தெரு ஆட்களுக்குக் கூலி கொடுங்கள். கையில் காசும் வரும், பொருளும் மிஞ்சும், வெயில் காலத்தில் ஓட்டு வீட்டின் குளுமையும் தங்கும். நிலையான மீட்டெடுப்பு என்று நீங்கள் எழுதிய வார்த்தைக்கு என் கண்ணுக்குத் தெரிகிற அர்த்தம் இதுதான்.

பள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பக்கம் ஓடைக்குப் பள்ளம் என்றுதான் பேர். ஈரோட்டுக்குள்ளேயே பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் இருக்கின்றன. வருஷத்தில் பதினோரு மாதம் காய்ந்து கிடப்பதால் அது ஆறு என்பதே மறந்து, கரையிலும் படுகையிலும் வீடு வந்துவிடுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மேலே அவ்வளவு கொட்டினால் கீழே தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வரும். மறுபடி அதே இடத்தில் கட்ட உதவுவது உதவியே இல்லை. ஆனால் மாற்று இடம் என்று பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் பிழைப்பு போய்விடும். அதே ஊர் எல்லைக்குள், மேட்டில், கால்நடையாகத் தோட்டத்துக்குப் போகிற தூரத்தில் இடம் தேடுவதற்காக ஊராட்சியோடும் வருவாய்த் துறையோடும் மல்லுக்கட்டுவது, கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை. மலையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2009-இல் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிவை செங்குத்தாக வெட்டி, கீழே தடுப்புச்சுவர் கட்டி, அந்தச் சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைக்காமல் விட்டிருந்ததை இடிபாட்டில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது. நான்கடிக்கு ஒரு குழாய்த்துண்டு, அதற்குப் பின்னால் கொஞ்சம் ஜல்லி. அவ்வளவுதான் வேண்டும்.

சுவர் என்று எழுதும்போது நடூரை விட்டுவிட்டுப் போக முடியாது. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம். விடிவதற்குள் மழையில் ஊறிய ஓர் உயரமான கல்சுவர் ஆதிதிராவிடர் காலனியின் ஓட்டு வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள், தூக்கத்திலேயே. மழை எல்லோர்மேலும்தான் பெய்தது. யார் எங்கே குடியிருக்க முடிகிறது என்பதை மழை தீர்மானிக்கவில்லை. நீங்கள் ஒரு கிராமத்துக்குள் போகும்போது ஊர்க்காரர்கள் உங்களை ஊருக்குள் கூட்டிப் போவார்கள், திண்ணையில் மோர் கொடுப்பார்கள், பட்டியலும் அங்கேயே எழுதப்படும். காலனிக்கு நீங்களாகத்தான் நடந்து போக வேண்டும். முதல் நாளே போங்கள், முதல் குழாய் அங்கே போடுங்கள். கவுண்டர் வளவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆட்கள் ஒரே குழுவில் உட்கார மாட்டார்கள் என்று சொல்லி உங்களைத் தடுப்பார்கள். உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நாள் பிடிக்கும்.

இதே போலச் சொந்த நிலமே இல்லாதவர்கள். வால்பாறையிலும் கூடலூரிலும் எஸ்டேட் லயன் வீட்டில் இருப்பவருக்கு வீடு கம்பெனியுடையது. இடிந்தால் அவருக்கு என்ன இழப்பீடு? சட்டி பானை போனதற்கு மட்டும். வீட்டுக்காரரே கட்டட்டும் என்று நான் மேலே சொன்ன முறை இவர்களிடம் செல்லாது. இவர்களுக்கு முதலில் மனை வேண்டும். அதற்காக மனு எழுதி, அலைந்து, நான்கு பேரைச் சேர்த்து நிற்பதும் மீட்டெடுப்பு வேலைதான்.

பிழைப்பு பற்றி இன்னும் கொஞ்சம். கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்தபோது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து பவர் ரம்பத்தோடு ஆட்கள் போனார்கள். தென்னை பிழைத்து வாழ்கிறவர்களுக்குத் தென்னை சாய்ந்தால் என்னவென்று தெரியும். ஆனால் மரத்தை அறுத்து ஓரத்தில் அடுக்கிவிட்டு வந்துவிட்டால் வேலை முடிவதில்லை. மட்கிய தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அடுத்த வருஷம் அது பிழைத்த மரத்தின் குருத்தைத் துளைக்கும். காயம்பட்டு நிற்கிற மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். ஆக, சாய்ந்த மரத்தைத் துண்டாக்கி அப்புறப்படுத்துவதுதான் நட்ட கன்றைக் காப்பாற்றுகிற முதல் வேலை. அப்புறம் நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். கன்று கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆறேழு வருஷத்துக்கு வருமானம்? கன்றுக்கு நடுவில் உளுந்து, நிலக்கடலை, காய்கறி, வாழை என்று ஊடுபயிருக்கு விதையும் கடனும் கொடுத்து, நாலு வெள்ளாடும் வாங்கிக் கொடுத்தவர்கள் சில பேர்தான். அவர்கள் உதவிய குடும்பங்களில் வெளியூர் வேலைக்குப் போனவர்கள் குறைவு. நாகப்பட்டினத்திலும் கடல்நீர் புகுந்த வயலுக்கு ஜிப்சம் போட்டு, மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பை வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, இரண்டு மூன்று பட்டத்தில் நெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். விவசாயிகள் கூலி வாங்கிக்கொண்டு தங்கள் வயலைத் தாங்களே மீட்டார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதைக் கேட்காமல் விட முடியவில்லை. வறட்சி. வெள்ளத்துக்கும் புயலுக்கும் லாரி அனுப்புகிறோம். நம் கொங்கு நாட்டைக் காலங்காலமாகச் சாய்த்தது வறட்சிதான். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களை எப்படித் தின்றது என்று நம் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டும் புகைதான் வந்தது. பொள்ளாச்சியில் காய்ந்த தென்னையை வெட்டினார்கள். வறட்சியில் வீடு இடியாது, அதனால் டி.வி.யில் வராது. மாட்டை விற்பார்கள், அப்புறம் நகையை, அப்புறம் நிலத்தை. கிராமம் அப்படியே நிற்கும், உள்ளே ஆள் இருக்காது.

அந்த வருஷத்தில் காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கொறங்காடு வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்ததை. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை இல்லாத காலத்தில் புல் காய்ந்தே நிற்கும், காய்ந்தாலும் மாடு தின்னும், வெள்வேலங்காய் உதிர்ந்தால் ஆட்டுக்குத் தீனி. ஒரு காட்டில் மேய்த்து இன்னொரு காட்டை ஆறப் போடுவார்கள். காங்கேயம் மாடு அந்த மண்ணில் வளர்ந்ததுதான். அதை மனை போட்டு விற்றுவிட்டு, பேரிடர் தாங்கும் கிராமம் என்று நாம் திட்டம் எழுதுவதில் அர்த்தமில்லை. உடைந்த கிளுவை வேலியைத் திரும்ப ஊன்றுவதற்கு வேண்டியது போத்தும், அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டும், கூலியும்தான். உங்கள் பதினெட்டு லட்சத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, வயநாடு வரைக்கும் போக வேண்டியதில்லை.

இனிப் பதிவும் பணமும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் ஆபீஸில் பதியலாம், ஒரு வாரத்து வேலை. சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், ஏழு பேர் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கம்பெனி மூன்றாவது வழி, கணக்கு வழக்கு கெடுபிடி அதிகம், அதனாலேயே பெரிய நிறுவனங்கள் அதை நம்பும். எதுவானாலும் வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் பதிவுகள் வேண்டும். முதலாவது அமைப்பின் வரிவிலக்குக்கு, இரண்டாவது பணம் கொடுப்பவரின் வரிச் சலுகைக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது, அதனால் முதல் நாளிலிருந்தே வங்கி வழியாக வாங்குங்கள்.

ஆனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கே முட்டுக்கட்டை இருக்கிறது. வெளி அமைப்பு ஒன்றின் வழியாகச் சி.எஸ்.ஆர். பணம் செலவாக வேண்டுமென்றால் அந்த அமைப்புக்கு மூன்று வருஷச் செயல்பாடு இருக்க வேண்டும், சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். இன்றைக்குத் தொடங்குகிற உங்கள் அறக்கட்டளைக்கு அது கிடைக்காது. வெளிநாட்டுப் பணத்துக்கும் அதே மூன்று வருஷம், அதற்கு மேல் அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது செலவு செய்து காட்டியிருக்க வேண்டும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். இந்த மூன்று வருஷத்தை ஏற்கெனவே வேர் விட்ட ஒருவரோடு சேர்ந்து வேலை கற்கிற காலமாக வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் 1993-இலிருந்து நீலகிரிப் பழங்குடி மக்களோடு இருக்கிறது. கோவையில் சிறுதுளி 2003-இலிருந்து குளங்களோடும் நொய்யலோடும் இருக்கிறது. இப்படித் தண்ணீர், காடு, கால்நடை என்று ஒன்றைப் பிடித்து நிற்பவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். உங்களில் யாருடைய கம்பெனியாவது 5 கோடி நிகர லாபத்துக்கு மேல் போய்ச் சி.எஸ்.ஆர். கடமைக்குள் வந்தால், அந்த 2 சதவீதப் பணத்தை ஒரே வருஷத்தில் செலவழித்து முடிக்க வேண்டியதில்லை. தொடர் திட்டம் என்று போர்டில் தீர்மானம் போட்டுத் தனிக் கணக்கில் வைத்தால், தொடங்கும் வருஷத்துக்கு மேல் மூன்று வருஷம் வரை நீட்டலாம். மீட்டெடுப்பு வேலைக்கு இது அவ்வளவு பொருந்துகிற ஏற்பாடு. இருந்தும் மார்ச் மாதத்தில் அவசரமாக எதையாவது வாங்கிக் கொடுக்கும் பழக்கம்தான் ஓடுகிறது.

கடைசியாக, பதினெட்டு லட்சத்தை நான் எப்படிச் செலவழிப்பேன் என்று. பெரிய பங்கு சம்பளத்துக்கு. இதைக் கேட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், கொடுத்த பணம் மூட்டையாகவோ சுவராகவோ தெரிய வேண்டும் என்பார்கள். ஆனால் ஓர் இளம் சிவில் பொறியாளரும், தாலுகா ஆபீஸ் வாசல் தெரிந்த ஒரு பெண்ணும், இரண்டு பேரும் அதே வட்டாரத்து ஆட்கள், மூன்று வருஷம் ஒரே கிராமத்தில் இருந்தால் அந்த ஊரின் கதையே மாறும். இரண்டாவது பங்கு, கொத்தனார்களுக்கும் பெண் சித்தாள்களுக்கும் பயிற்சி. பயிற்சி நாளுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். மூன்றாவது, சுழலும் நிதி. தறிக்காரருக்குப் பாவு நூல் வாங்க, ஆடு வாங்க, மோட்டார் காயில் கட்ட, வட்டியில்லாமல் கொடுத்து ஆறு மாதத்தில் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது. வசூல் பொறுப்பு அந்தத் தெருப் பெண்களிடமே இருக்கட்டும். வீட்டுக்கு? ஒன்றுமில்லை.

அந்த ஜமக்காளக்காரர் வீட்டில் ஒன்றரை வருஷம் கழித்து டைல்ஸை உடைத்துவிட்டார்கள். முன்னறைச் சுவரை இரண்டடி தள்ளிக் கட்டி, குழி வெட்டித் தறி போட்டிருக்கிறார்கள். குழியின் நான்கு பக்கமும் சிமெண்டுப் பூச்சு, வாய்க்கு ஒரு பலகை மூடி, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தண்டோரா வந்தால் மூடி மண்மூட்டை வைத்துவிடலாம். அந்த அம்மாவே யோசித்துச் செய்தது, எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை. ஆடி பதினெட்டுக்குக் கூடுதுறையில் கூட்டம் தாங்காது, அதனால் வைகாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பன்னிரண்டு பேரும் வர வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், மூன்று வருஷம் திருப்பூரை விட்டு அடிக்கடி வெளியே வர வீட்டில் சம்மதம் வாங்கியவர் ஒருவர், இவர்கள் இரண்டு பேர் வந்தால் போதும்.